பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான மானியம்: பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான மானியம் என்பது, பள்ளியில் சேராத அல்லது சேர்ந்து இடையில் நின்றுவிட்ட சிறுவர் சிறுமியருக்கும் இளைஞர்களுக்கும் கல்வியோ தொழிற்பயிற்சியோ அளிக்கும் பணிகளுக்காக அரசு, வெளிநாட்டு அமைப்புகள், தொழில் நிறுவனங்கள், பொதுமக்கள் ஆகியோர் வழங்கும் நிதியாகும். தமிழ்நாட்டில் இந்நிதியின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. நிதி தருபவரும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளனர். ஆயினும் பள்ளிப் பதிவேட்டில் மீண்டும் எழுதத்தக்க சிறு பிள்ளைக்கே பெரும்பகுதி பணம் கிடைத்துள்ளது. வேலைக்குப் போய்விட்ட 14 வயதுக்கு மேற்பட்ட இளைஞருக்கு மிகக் குறைவாகவே கிடைத்து வந்துள்ளது. முந்திரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பண்ருட்டியும், பொதுத்துறைச் சுரங்க நிறுவனத்தைக் கொண்ட நெய்வேலியும் இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள ஏற்ற இடங்கள்.

வட்டாரம்

பண்ருட்டி கடலூர் மாவட்டத்தில் உள்ள நகராட்சி. 1993ஆம் ஆண்டு தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டம் உருவானது. பண்ருட்டியைச் சுற்றியுள்ள செம்மண் நிலத்தில் முந்திரியும் பலாவும் பெருமளவில் விளைகின்றன. இதன் தெற்கே, பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நெய்வேலி நகரியம் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின் இந்நகரியம் எழுந்தது.

முந்திரிக் கொட்டை பொதுவாக மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. பலாவின் பருவமும் அதை ஒட்டியே வருகிறது. பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு நடக்கும் காலமும் இதுவே. அறுவடை முடிந்தாலும் வேலை முடிவதில்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையும் இங்கே பதப்படுத்தப்படுவதால், கொட்டை உடைப்பதும் பருப்பின் தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. இவற்றில் ஒரு பகுதி சிறு கூடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நடக்கிறது. கூலி எடைக்கணக்கில் தரப்படுவதால், கூட ஒரு கை சேர்ந்தால் வருமானம் கூடும். பிள்ளைகள் இவ்வேலைக்குள் வருவதற்கு இக்கூலிமுறை முக்கியக் காரணம். கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும் தன்மையுடையது. அதனால் முந்திரிக் கொட்டையைப் பதப்படுத்தும் வேலை, 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் அட்டவணையில், குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்முறைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

வடலூரின் முன்னோடி முயற்சி

இவ்வட்டாரத்தில் ஊரார் கொடையால் நடந்த பொதுப்பணிக்குப் பழைய சான்று நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில் உள்ளது. 1867ஆம் ஆண்டு மே 23 அன்று இராமலிங்க அடிகளார் அங்குச் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அதற்காகப் பார்வதிபுரம் ஊரார் சுமார் 80 காணி நிலத்தைக் கொடுத்தனர். பசித்தவருக்குச் சாதி, சமய வேறுபாடின்றி உணவு வழங்குவது அதன் நோக்கம். சன்மார்க்க போதினி என்னும் பாடசாலையையும் வள்ளலார் ஏற்படுத்தினார். சிறுவர் முதல் முதியவர் வரை எல்லா வயதினரும் அங்குப் படிக்கலாம் என்பது அதன் சிறப்பு.

தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. போதினி நீடிக்கவில்லை. நிலத்தை ஆதாரமாகக் கொண்ட அறப்பணி நிலைத்து நின்றதும், வயது வரம்பில்லாத கல்விப்பணி நிலைக்காமல் போனதும் பின்வந்த காலத்துக்கும் பொருந்தும் செய்திகள். பள்ளிக்கு வெளியே உள்ளோருக்கான கல்வி முயற்சிகளில் பெரும்பாலானவை நிலையான வருவாய் இன்றித் தொடங்கப்பட்டு, நிதிக்காலம் முடிந்ததும் நின்றுபோயின.

ஆங்கிலேயர் கால மானிய முறை

1854ஆம் ஆண்டு வெளியான உட் கல்வி அறிக்கை இந்தியாவில் உதவி மானிய முறைக்கு வழிவகுத்தது. அரசு எல்லாப் பள்ளிகளையும் தானே நடத்துவதற்குப் பதிலாகத் தனியார் பள்ளிகளுக்குப் பணம் தரும். அவை தரமான பொதுக்கல்வி அளிக்க வேண்டும், பொறுப்பான உள்ளூர் நிர்வாகம் கொண்டிருக்க வேண்டும், அரசின் ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்பவை நிபந்தனைகள். மாணவரிடம் சிறிதளவாவது கட்டணம் வாங்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்ற எண்ணம் இதன் பின்னணி. கட்டணம் கொடுக்க இயலாத கூலிக் குடும்பத்துப் பிள்ளை இந்நிபந்தனையாலேயே வெளியில் நின்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவைப் பொறுத்து மானியம் தரும் முறையும் நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்துவார். தேறிய மாணவர் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கிடைக்கும். ஒழுங்காக வராத பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது இம்முறையில் பள்ளிக்கு இழப்பாக முடியும்.

1882ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஹன்டர் கல்விக்குழு இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. இயலும் இடங்களில் இரவுப் பள்ளிகளை ஊக்குவிக்க வேண்டும், வேளாண் ஊர்களில் பள்ளி நேரத்தையும் பருவத்தையும் ஊரின் தேவைக்கேற்ப நெகிழ்த்தலாம் என்று அது பரிந்துரைத்தது. அறுவடைக்கும் தேர்வுக்கும் இடையிலான மோதல் நூற்றாண்டுக்கு மேற்பட்ட சிக்கல் என்பதை இது காட்டுகிறது. தென்னாற்காடு மாவட்டத்தில் பள்ளிகள் நடத்திய டேனிஷ் மிஷன் போன்ற சமய அமைப்புகள், வெளிநாட்டுத் திருச்சபை நிதியையும் அரசு மானியத்தையும் ஒருங்கே பெற்று இயங்கின.

அரசும் ஊரும்: மதிய உணவும் பள்ளிச் சீரமைப்பும்

விடுதலைக்குப் பின், 1953இல் இராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்ததால் 1954இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு காமராசர் முதலமைச்சரானார்.

வேலைக்கும் பள்ளிக்கும் இடையில் பிள்ளையைப் பங்கிடும் வழியைக் காமராசர் அரசு ஏற்கவில்லை. பிள்ளை வேலைக்குப் போவதற்கான காரணத்தையே குறைக்க முயன்றது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் செலவின் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது. 40 விழுக்காட்டை ஊர் திரட்ட வேண்டும். பணமாகத் தர இயலாதவர்கள் அரிசி, காய்கறி, விறகு ஆகியவற்றைத் தந்தனர். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் ஊர்தோறும் நடந்தன. கட்டடம், மேசை, கரும்பலகை, சீருடை என ஊரார் வாக்களித்துக் கொடுத்தனர்.

இணைப்பங்கு மானியம் என இன்று அழைக்கப்படும் முறையின் எளிய வடிவமாக இதைக் கொள்ளலாம். இதற்கென விண்ணப்பம் எழுதத் தெரிந்த அமைப்பு ஏதும் தேவைப்படவில்லை. தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் போதுமானவர்களாக இருந்தனர். ஆனால் வசதியுள்ள ஊர் எளிதில் பங்கைத் திரட்டியது. வறிய ஊர் தடுமாறியது. 1982ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இச்சுமை ஊரின் மேல் இருந்து நீங்கி, முழுவதும் அரசுச் செலவாயிற்று.

முறைசாராக் கல்வியும் அறிவொளியும்

உணவும் பள்ளியும் இருந்தும் வராத பிள்ளைகளுக்கு வேறு வழி வேண்டும் என்ற கருத்து 1970களில் வலுப்பெற்றது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் எழுத்தறிவு அளிப்பது அதன் இலக்கு. தொண்டு நிறுவனங்கள் மைய அரசிடம் நேரடியாக விண்ணப்பித்து மானியம் பெறும் வழக்கம் பரவலாகியது இக்காலத்தில்தான்.

1979-80இல் முறைசாராக் கல்வித் திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் மாலையிலோ இரவிலோ தம் ஊரிலேயே படிக்கும் மையங்கள் அதில் அமைந்தன. கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட மாநிலங்களுக்கே முதலில் அது உரியதாக இருந்தது. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, பிற மாநிலங்களின் நகரச் சேரிகள், மலைப்பகுதிகள், உழைக்கும் குழந்தைகள் மிகுந்த இடங்கள் ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களுக்கு முழுச் செலவையும் மைய அரசு ஏற்றது. மாநிலச் சராசரி நன்றாக இருந்தால் அம்மாநிலத்தின் வறிய வட்டாரத்துக்கு நிதி தாமதமாக வரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்தது. பண்ருட்டிக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும், பின்னர் 1991 முதல் புதுக்கோட்டையிலும் நடந்த அறிவொளி இயக்கம் பெரும் கவனத்தைப் பெற்றது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு நிதி வந்தது. மைய அரசு இரு பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் தந்தன. கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். முறைசாராக் கல்வி மையம் இல்லாத இடங்களில் 9 வயது முதலே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவும் இடமிருந்தது. குறித்த காலத்தில் இலக்கை முடிக்கும் இயக்கமாக அது வடிவமைக்கப்பட்டதால், இயக்கம் முடிந்தபின் புதிதாகக் கற்றவர்களைத் தொடர்ந்து படிக்கவைக்க அதே அளவு பணமோ ஆளோ இருக்கவில்லை.

தொழிலாளர் துறையின் நிதி

1987ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையைத் தொடர்ந்து, 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஒன்பது இடங்களில் தொடங்கப்பட்டது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி அவற்றுள் ஒன்று. கல்வித் துறைக்கு வெளியே, தொழிலாளர் துறை அமைச்சகத்திலிருந்து பணம் வந்தது இதன் புதுமை. ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சங்கத்துக்கு நிதி வரும். அச்சங்கம் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சிறப்புப் பயிற்சி மையங்களை நடத்தும். வேலையிலிருந்து மீட்கப்பட்ட 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம், உணவு, கைத்தொழில் பயிற்சி ஆகியவற்றுடன் மாத உதவித்தொகையும் தரப்பட்டது. அத்தொகை 150 ரூபாயாக இருந்து பின்னர் 400 ரூபாயாக உயர்ந்தது.

பிள்ளை வேலையை விட்டால் குடும்பம் இழக்கும் கூலியில் ஒரு சிறு பகுதியையாவது ஈடுசெய்ய முயன்ற திட்டம் என்ற வகையில் இது முக்கியமானது. ஆயினும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தே இது செயல்பட்டது. இந்திய, அமெரிக்க அரசுகள் தலா 2 கோடி டாலர் ஏற்ற இண்டஸ் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்கள் தேர்வாயின. கடலூர் அவற்றில் இல்லை. முந்திரித் தொழில் சட்ட அட்டவணையில் ஆபத்தான தொழில்முறையாக இடம்பெற்றிருந்தும், அத்தொழில் மிகுந்த மாவட்டம் அந்நிதிக்கு வெளியே நின்றது. 2021-22 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமே கல்வித் துறையின் சமக்ர சிக்‌ஷாவுடன் இணைக்கப்பட்டது.

தலைக்கணக்கு மானியம்

2001இல் முறைசாராக் கல்வித் திட்டம் முடிவுக்கு வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ், கல்வி உறுதித் திட்டமும் மாற்றுக் கல்வியும் அதன் இடத்தைப் பிடித்தன. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நிதி கணக்கிடப்பட்டது. தொடக்க நிலையில் 845 ரூபாய், உயர் தொடக்க நிலையில் 1,200 ரூபாய், கடினச் சூழலில் உள்ள பிள்ளைகளுக்கான இணைப்புப் படிப்புக்கு 3,000 ரூபாய் வரை என வரம்புகள் இருந்தன.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வியை உரிமையாக்கியது. இதன் 4ஆம் பிரிவின்படி, பள்ளி செல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பிற மாணவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பயிற்சி மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை நீளலாம். தங்கிப் படிக்கும் மையத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரையும், தங்காத மையத்தில் 6,000 ரூபாய் வரையும் செலவிடலாம் என்று வரையறுக்கப்பட்டது. முன்அறிவிப்பின்றி 45 நாள் வராத பிள்ளையும் பள்ளி செல்லாப் பிள்ளையாகக் கருதப்பட்டது.

தலைக்கணக்கு முறையில் நிதிக்கு அடிப்படை கணக்கெடுப்பு. ஆசிரியர் பயிற்றுநர்களும் தொண்டர்களும் வீடுவீடாகச் சென்று பெயர்ப் பட்டியல் தயாரிக்கின்றனர். பட்டியலில் வந்த பிள்ளைக்கே பணம் வரும். கணக்கெடுப்பு நாளில் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்துடன் வெளியூர் போயிருக்கும் பிள்ளை, பதிவேட்டில் பெயர் இருந்தும் மாதக்கணக்கில் வராமல் வீட்டில் முந்திரி உடைக்கும் பிள்ளை ஆகியோர் விடுபட வாய்ப்பு அதிகம். பட்டியல் சிறியதாக இருப்பது மாவட்டத்துக்கு நற்பெயர். பெரியதாக இருப்பது கூடுதல் நிதிக்கு ஆதாரம். ஒரே எண்ணிக்கையை இவ்விரு நோக்கங்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

பேரிடரும் வெளிநாட்டு நிதியும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கடற்கரையைக் கடுமையாகத் தாக்கியது. உள்நாட்டு, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பெருமளவில் வந்தன. அந்நிதி இயல்பாகவே கடற்கரை ஊர்களுக்கானது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதிதாக நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்பை நம்பிய குடும்பங்களுக்கு வருமானம் இல்லை. பேரிடர் உதவி மரத்துக்கும் வீட்டுக்கும் கணக்கிடப்பட்டது. மரம் காய்க்கும்வரை கூலிக்குப் போகும் பிள்ளைக்கென அதில் தனித் தலைப்பு இருக்கவில்லை.

வெளிநாட்டு நிதி பெறும் விதிகளும் இறுகின. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010இல் புதிய வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். பெரிய நிறுவனம் பணம் பெற்றுச் சிற்றூரிலுள்ள சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளித்த பழைய வழி இதனால் அடைபட்டது.

நெய்வேலியும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியும்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் மூலம் புதிய நிதி ஊற்றை உருவாக்கியது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கல்வியும், வேலைவாய்ப்பை மேம்படுத்தும் தொழிற்பயிற்சியும் அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் உள்ளன. நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பது சட்டத்தின் சொல்.

2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்று அழைக்கப்படும் நெய்வேலி நிறுவனம் இவ்விதிக்கு உட்பட்டது. நகரியத்துக்குள் நிறுவனமே பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களும், அவற்றை அடுத்த பண்ருட்டி வட்டார ஊர்களும் உள்ளூர்ப் பகுதி என்ற சொல்லுக்குள் அடங்கத்தக்கவை. ஆனால் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி லாபத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். கட்டடம், சாலை, குடிநீர், கருவிகள் போன்ற கண்ணுக்குத் தெரியும் பணிகளை முடித்துக் காட்டுவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. இடைநின்ற ஓர் இளைஞரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து தேர்வெழுத வைக்கும் பணியில் செலவு பெரும்பாலும் ஊதியமாகவும் பயணமாகவும் இருக்கும். அதைப் படமெடுத்துக் காட்ட முடியாது.

விண்ணப்பிக்கும் முறை

இன்று இவ்வகைப் பணிக்கு நிதி கேட்கும் அமைப்பு சில படிகளைக் கடக்க வேண்டியுள்ளது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழோ, அறக்கட்டளையாகவோ, லாப நோக்கற்ற நிறுவனமாகவோ முதலில் பதிவு பெற வேண்டும். வருமான வரிச் சட்டத்தின்படி வரிவிலக்குப் பதிவும், நன்கொடையாளருக்குச் சலுகை தரும் 80ஜி சான்றும் பெற வேண்டும். மைய அரசின் நிதிக்கு தர்ப்பண் தளத்தில் பதிவெண் தேவை. நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதிக்கு 2021 ஏப்ரல் முதல் நிறுவன விவகார அமைச்சகத்திடம் தனிப் பதிவு கட்டாயம். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேட்பது பரவலான வழக்கம்.

விண்ணப்பத்தில் பயனாளிகளின் எண்ணிக்கை, வயது, ஊர், தலைக்கான செலவு, கால அட்டவணை, அளந்து காட்டத்தக்க விளைவு ஆகியவை இடம்பெற வேண்டும். பணம் தவணையாக வரும். முதல் தவணையைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுத்த பிறகே அடுத்தது கிடைக்கும். இடைப்பட்ட மாதங்களில் பயிற்றுநருக்கு ஊதியம் தரக் கையிருப்பு வேண்டும். கையிருப்பில்லாத சிறிய அமைப்பு இந்த இடைவெளியில்தான் தன் பயிற்றுநரை இழக்கிறது. பயிற்றுநர் போனால், அவரை நம்பி வந்த பிள்ளைகளும் பெரும்பாலும் போய்விடுகின்றனர்.

பதினான்கு வயதுக்கு மேல்

கல்வி உரிமைச் சட்டம் 14 வயதில் முடிகிறது. சிறப்புப் பயிற்சியில் சேர்ந்த பிள்ளை அவ்வயதைக் கடந்தாலும் எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படிக்கலாம் என்பது மட்டுமே விதிவிலக்கு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்களித்தது. 14 முதல் 18 வயது வரையுள்ளோரை வளரிளம் பருவத்தினர் என வகைப்படுத்தி, ஆபத்தான தொழில்களில் மட்டும் தடைவிதித்தது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன 15 வயதுப் பையன் பல வேலைகளுக்குச் சட்டப்படி செல்லலாம் என்பது இதன் பொருள்.

தொழிற்பயிற்சி நிதியின் வாயிலும் அவனுக்கு அகலமாகத் திறக்கவில்லை. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தில் குறைந்த வயது 14. ஆபத்தான தொழில்களில் அது 18. 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா 15 முதல் 35 வயது வரையுள்ள ஊரக இளைஞருக்கானது. பயிற்சி முடிந்ததும் வேலையில் அமர்த்திக் காட்ட வேண்டும் என்பது அதில் பயிற்சி நிறுவனத்துக்குரிய நிபந்தனை. முறையான வேலையில் அமர 18 வயது வேண்டியிருப்பதால், நிறுவனங்கள் மூத்தவர்களை விரும்புவது இயல்பு.

2021இல் திருத்தியமைக்கப்பட்ட சமக்ர சிக்‌ஷா இவ்வயதினரை முதன்முறையாக நேரடியாகக் குறிப்பிட்டது. 16 முதல் 19 வயது வரையுள்ள, பள்ளி செல்லாத, நலிந்த பிரிவினர் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுத 2,000 ரூபாய் வரை உதவி உண்டு. இத்தொகை தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் உதவும். பாடம் சொல்லித் தரும் ஆளுக்குப் போதாது. சிறு பிள்ளைக்கான தங்காத மையத்தின் 6,000 ரூபாயில் இது மூன்றில் ஒரு பங்கு. ஆண்டுகள் பல விடுபட்டு, கூலியையும் இழந்து படிக்க வருபவருக்கு இவ்வளவே ஒதுக்கப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2017-18ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வை மேற்கோள்காட்டி, 6 முதல் 17 வயது வரையுள்ள 3.22 கோடிப் பேர் நாட்டில் பள்ளிக்கு வெளியே உள்ளதாகக் கூறுகிறது.

நிபந்தனையும் நிறுத்தமும்

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் மைய அரசின் பங்கு தொடக்கத்தில் 85 விழுக்காடாக இருந்தது. பின்னர் 75 ஆகி, 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 ஆனது. பங்கு குறைந்தாலும் நிபந்தனை குறையவில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில், தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் விதி இருப்பதாகக் கூறித் தமிழ்நாடு அரசு கையொப்பமிடவில்லை. 2024-25ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மைய அரசு விடுவிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே நடந்த பெற்றோர் விழாவில் பேசிய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், 10,000 கோடி ரூபாய் தந்தாலும் கையெழுத்திடப் போவதில்லை என்று அறிவித்தார். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

மொழிக் கொள்கை பற்றிய விவாதமாகவே இது பெரிதும் பேசப்பட்டது. பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சியும் 2021இல் இணைந்த குழந்தைத் தொழிலாளர் மையப் பணியும் இதே தொகுப்பு நிதியைச் சார்ந்தவை. முன்பு கல்வித் துறை, தொழிலாளர் துறை என இரு வழிகளில் வந்த பணம் ஒரே வழியாக்கப்பட்டதால், அவ்வழி அடைபட்டால் வேறு வழி இல்லை என்ற நிலை உருவானது.

மதிப்பீடு

ஒன்றரை நூற்றாண்டு கால மானிய வரலாற்றில் மூன்று போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவதாக, பணம் எதை அளக்க முடியுமோ அதைத் தேடிச் சென்றது. தேறிய மாணவர், பதிவேட்டில் சேர்ந்த பிள்ளை, வேலையில் அமர்ந்தவர் என அளவுகோல் மாறினாலும், எளிதில் எண்ண முடியாதவர் பின்தங்கினார். இரண்டாவதாக, தேர்வு மாநிலத்தையோ மாவட்டத்தையோ அடிப்படையாகக் கொண்டபோது, பண்ருட்டி போன்ற குறிப்பிட்ட தொழில் சார்ந்த வட்டாரங்கள் விடுபட்டன. மூன்றாவதாக, ஒவ்வொரு திட்டமும் முந்தியதைக் கலைத்துவிட்டே தொடங்கியது. பழைய மையத்தில் இருந்த பிள்ளைகள் புதிய மையம் வரும்வரை காத்திருக்க இயலாது. அவர்களுக்கு வேலை காத்திருந்தது.

2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பெருந்தொற்றுக் கால இடைவெளியை நிரப்ப ஊர்த் தன்னார்வலர்களை மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் அமர்த்தியது. மாலையில், வீட்டருகில், தெரிந்தவரிடம் படிப்பது என்ற அதன் முறை ஹன்டர் குழு சொன்ன நெகிழ்வுக்கு அருகில் வருகிறது. எனினும் அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவருக்கெனத் தொடங்கப்பட்டது. அதே முறையை 15 முதல் 18 வயது வரையுள்ள இடைநின்றோருக்கு விரிப்பதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. முந்திரிப் பருவத்தைக் கருத்தில் கொண்ட நேரமும், ஓராண்டில் முடியாத நிதியும், பயிற்றுநருக்கு உரிய ஊதியமும் அதற்குத் தேவை. அப்படி ஒரு வகுப்பு நடந்தால், ஒன்பதாம் வகுப்பில் நின்று திண்ணையில் கொட்டை உடைக்கும் பெண்பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எட்டக்கூடியதாகும்.